வலக்காலும் இடக்காலும்

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருஞ்சாலை திண்டிவனத்தில் பல கிளைகளாகப் பிரிகின்றது. ஒரு கிளை புதுச்சேரிக்கும், மற்றொன்று செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும், வேறொன்று மரக்காணத்திற்கும் செல்ல, தலையாய சாலை விக்கிரவாண்டியைக் கடந்து விழுப்புரத்தை அடைகின்றது. இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவு. நிலம் பெரும்பாலும் சமவெளி. மோட்டார் சைக்கிள் ஓட்டப் புதிதாகப் பழகும் இளைஞனுக்கு, மலையேற்றம் இல்லாத இவ்வழியில் கியரை மாற்றும் வேலையே அதிகம் இராது என்று தோன்றும். ஆனால் ஊர் விலக்கு ஒவ்வொன்றிலும் வேகத்தைத் தணிக்க வேண்டும். குறுக்கே வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். மீண்டும் புறப்பட வேண்டும். அப்போதெல்லாம் இடக்கையும் ஒரு காலும் ஒத்துழைத்தாக வேண்டும். எந்தக் கால் என்ற கேள்விக்கு, மாணவ நண்பர்களே, இந்நாட்டில் எல்லாக் காலத்திலும் ஒரே விடை இருந்ததில்லை.

முதலில் கியர் எதற்கு என்று பார்ப்போம். நெல் மூட்டைகள் ஏற்றிய மாட்டுவண்டி நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது மாடுகள் முழு வலிமையையும் செலுத்துகின்றன. ஆட்களும் சக்கரத்திற்குத் தோள் கொடுக்கிறார்கள். உருளத் தொடங்கியபின் அவ்வளவு பாடு இல்லை. மோட்டார் சைக்கிளின் கதையும் இதுவே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மாடு நின்ற நிலையிலேயே இழுக்கவல்லது. எஞ்சினோ தக்க வேகத்தில் சுழன்றாலன்றி வலுவுடன் இழுக்காது. ஆதலால் எஞ்சின் பல முறை சுழலச் சக்கரம் ஒரு முறை சுழலுமாறு பற்சக்கரங்களை அமைத்தார்கள். அதுவே முதல் கியர். வண்டி வேகம் பெறப்பெற அந்த விகிதத்தைக் குறைத்துக்கொண்டே போகலாம். மாற்றும் கணத்தில் எஞ்சினையும் சக்கரத்தையும் தற்காலிகமாகப் பிரித்து வைப்பது கிளச்சு.

இவ்வசதி தொடக்கத்தில் இல்லை. 1894-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் விற்பனைக்கென்று செய்யப்பட்ட ஹில்டெபிராண்டு-வோல்ஃப்முல்லர் வண்டியில் எஞ்சினின் தண்டு நேரே பின்சக்கரத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. கியரும் இல்லை, கிளச்சும் இல்லை. ஓட்டுபவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி, எஞ்சின் உயிர்பெற்றதும் தாவி ஏறவேண்டும்! பின்னர் கியர் வந்தது. அதை மாற்றும் நெம்புகோல் பெட்ரோல் தொட்டியின் பக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு முறையும் கைப்பிடியை விட்டுக் கையை எடுக்க வேண்டியிருந்தது. காலால் மாற்றும் அமைப்புகளும் தோன்றின. ஆனால் நெம்புகோலை எவ்வளவு தூரம் தள்ளுவது என்பது ஓட்டுபவரின் கணிப்பைப் பொறுத்திருந்தது. 1928-ஆம் ஆண்டளவில் பர்மிங்காம் நகரத்து வெலோசெட் நிறுவனத்தைச் சேர்ந்த ஹெரால்டு வில்லிஸ் இதற்கு முடிவு கண்டார். அவருடைய அமைப்பில், ஒரு மிதிக்கு ஒரு கியர்தான் மாறும். மாறியதும் நெம்புகோல் பழைய இடத்திற்கே திரும்பிவிடும். கீழே குனிந்து பார்க்க வேண்டியதில்லை. இன்று நீங்கள் ஓட்டும் வண்டியிலும் இருப்பது இந்த ஏற்பாடுதான். பந்தயத்திற்காகப் பிறந்த ஒன்று, பழகுபவனுக்கே பேருதவியாயிற்று என்பது என் கருத்து.

ஆங்கிலேயர் இந்தக் கியரைப் பெரும்பாலும் வலக்காலில் வைத்தார்கள். அந்த வழக்கம் நம் மாநிலத்திற்கு ஒரு வண்டியோடு வந்தது. 1955-இல் மதராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் 350 சி.சி. புல்லட் உருவாகத் தொடங்கியது. அதில் கியர் வலக்காலில், பிரேக்கு இடக்காலில். முதல் கியருக்கு நெம்புகோலை மேலே தூக்க வேண்டும். மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும். அவசரமாக, அரை மனத்தோடு மிதித்தால் இரண்டு கியர்களுக்கு நடுவே எதிலும் சேராமல் நின்றுவிடும். எஞ்சின் உறுமும், வண்டி நகராது. நியூட்ரலைத் தேடித் தவிப்பவருக்கென்றே குதிகாலால் அழுத்தும் சிறு நெம்புகோல் ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். இரண்டாவது முதல் நான்காவது வரை எந்தக் கியரில் இருந்தாலும் அதை அழுத்தினால் நியூட்ரலுக்கு வந்துவிடும்.

அதே காலத்தில் வேறு வழக்கங்களும் வந்து சேர்ந்தன. மைசூரில் 1960-களின் தொடக்கத்திலிருந்து செய்யப்பட்ட ஜாவாவில் கியர் இடக்காலில். அந்த நெம்புகோலையே திருப்பி நிறுத்தி உதைத்தால் எஞ்சினும் கிளம்பும். லாம்பிரெட்டா, வெஸ்பா ஸ்கூட்டர்களிலோ இடக்கைப் பிடியைத் திருகியே கியரை மாற்றினார்கள். 1980-இல் வந்த டி.வி.எஸ். 50-இல் மாற்றுவதற்குக் கியரே இல்லை. 1984-இல் ஓசூரிலிருந்து இண்டு-சுசூகியும், 1985-இல் ஹீரோ ஹோண்டாவும் வெளிவந்தபோது ஜப்பானியரின் இடக்கால் கியர் நாடெங்கும் பரவிற்று.

இது வெறும் வசதியைப் பற்றிய பேச்சன்று. பழகிய கால் அறிவைக் கேட்டுக்கொண்டு இயங்குவதில்லை. புல்லட்டில் பல்லாண்டு ஓடியவர் ஜப்பானிய வகை வண்டியில் ஏறி, எதிரே திடீரென்று ஒரு மாடு குறுக்கிட்டால், பிரேக்கு என்று எண்ணி இடக்காலை அழுத்துவார். அங்கே இருப்பது கியர். வண்டி நிற்க வேண்டிய நொடியில் நிற்காது. இவ்வகைக் குழப்பத்தைத் தவிர்க்கவே அமெரிக்க அரசு 1974 செப்டம்பர் முதல் செய்யப்படும் வண்டிகளுக்கு இடக்கால் கியரைக் கட்டாயமாக்கிற்று. இங்கிலாந்தின் டிரையம்ப், நார்ட்டன் நிறுவனங்களும் அதற்கேற்பத் தங்கள் வண்டிகளை மாற்றின. திருவொற்றியூர்ப் புல்லட்டோ, இங்கிலாந்திலேயே அதன் தாய் நிறுவனம் 1970-இல் மூடப்பட்ட பின்னும், பல ஆண்டுகள் வலக்காலை விடவில்லை. இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில்தான் அது படிப்படியாக இடக்காலுக்கு மாறியது.

இனிப் பழகும் முறை. முடுக்கியைத் தணித்து, கிளச்சை முழுதும் பிடித்து, நெம்புகோலை ஒரே முறை உறுதியாக மிதித்து, கிளச்சை மெல்ல விட்டபடியே முடுக்க வேண்டும். எப்போது மாற்றுவது என்பதைச் செவியே சொல்லும்: எஞ்சின் கதறினால் மேல் கியர், திணறி நடுங்கினால் கீழ்க் கியர். இறங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொன்றாக இறங்க வேண்டும். பலர் செய்யும் பிழை, மூன்றாவது கியரிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, அதிலேயே புறப்பட முயல்வது. விக்கிரவாண்டிக்கு அருகில் நெடுஞ்சாலையின் நடுவெளியில் அப்படி எஞ்சின் அணைந்தால், பின்னால் வரும் பேருந்துக்கு இதெல்லாம் தெரியாது. ஆகவே பழகுநர் உரிமம் பெற்றவர் முதலில் செல்ல வேண்டிய இடம் அந்த நான்குவழிச் சாலையன்று. போக்குவரத்தில்லாத கிராமத்துச் சாலையோ வெற்று மைதானமோ போதும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் கியர் உள்ள வண்டி, கியர் இல்லாத வண்டி என்று உரிமத்தைத் தனித்தனியே பிரித்திருக்கிறது.

வலக்கால் புல்லட்டுகள் முற்றும் மறைந்துவிடவில்லை. அவற்றைப் பேணி வைத்திருப்பவர்கள் பலர் உளர். அத்தகைய வண்டியை இரவலாகக் கொடுப்பவர், சாவியைக் கையில் தருமுன், "தம்பி, இதில் பிரேக்கு இடப்பக்கம்" என்று சொல்லிவிடுவது நல்லது.