கட்டுப் பிரித்த பிறகும் எழாத கை: பைக் விபத்துக்குப் பின் குடும்பங்கள் அறிய வேண்டியவை

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை லாரிகளின் சாலை. ஊர்ச் சாலைகளிலிருந்து பைக்குகளும் மொபெட்டுகளும் அதில்தான் வந்து ஏறுகின்றன. இங்கே விபத்து என்றதும் உயிர் தப்பியதா என்றுதான் முதலில் கேட்கிறோம். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கிய பிறகு, முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் தேடி அலையும் நிலை குறைந்திருக்கிறது. உயிர் பிழைத்தவரை அல்ஹம்துலில்லாஹ் என்று வீட்டுக்கு அழைத்து வந்த பின் வரும் மாதங்களைப் பற்றித்தான் நாம் இங்கே எழுதுகிறோம்.

பைக்கிலிருந்து தூக்கி எறியப்படுபவர் பெரும்பாலும் தோள்பட்டை தரையில் மோத விழுகிறார். தலை ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் இழுபடும்போது, கழுத்துத் தண்டுவடத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னல் நைந்துபோகிறது, சில வேளை வேரோடு பிடுங்கப்படுகிறது. மருத்துவர்கள் இதைப் 'பிரேக்கியல் பிளெக்ஸஸ்' காயம் என்பார்கள். கையில் ஓர் எலும்பும் முறிந்திருக்காது, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. கால் முறிவையும் தலைக் காயத்தையும் கவனிக்கும் அவசரத்தில், தொங்கும் கையை "வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுகிறார்கள்.

சில கைகள் தானாகவே தேறும் என்பதும் உண்மைதான். மூன்று மாதமாகியும் அசைவு திரும்பவில்லை என்றால் காத்திருப்பது ஆபத்து. நரம்பை ஒட்டவோ, வேறு நரம்பைத் திருப்பி இணைக்கவோ செய்யும் அறுவைச் சிகிச்சை ஆறு மாதத்துக்குள் நடந்தால்தான் நல்ல பலன் கிடைக்கும். காரணம் எளிது. ஒட்டிய நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். அது தசையைப் போய்ச் சேர்வதற்குள் தசை சூம்பிவிட்டால், பிறகு நரம்பு வந்தும் பயனில்லை. கோவை கங்கா மருத்துவமனையும் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவும் இந்தத் துறையில் பெயர் பெற்றவை. சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் காட்டி, எங்கே போக வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம்.

நம் பகுதியில் புத்தூர் கட்டுக்கு இருக்கும் மரியாதை தெரிந்ததே. எலும்பைக் கட்டுபவர் நரம்பைச் சேர்க்க முடியாது. எண்ணெய்க் கட்டிலேயே அந்த ஆறு மாதமும் கரைந்துபோவதுதான் நம்மை வருந்த வைக்கிறது.

சிகிச்சைக்குப் பிறகும் ஒன்றிரண்டு வருடப் பொறுமை தேவை. முழங்கை மடங்குவதே பெரிய வெற்றி, விரல்கள் முன்போல் வேலை செய்யும் என்று யாரும் உறுதி தர முடியாது. மூட்டுகள் இறுகாமலிருக்க வீட்டார் தினமும் விரல்களை மடக்கி நீட்டிவிட வேண்டும். உணர்வில்லாத கை அடுப்பிலும் பைக் சைலன்சரிலும் பட்டு வெந்தாலும் தெரியாது. அந்தக் கையிலேயே இரவில் நெருப்பாக எரியும் வலியும் வரும். அது பாசாங்கு அல்ல, நரம்பு வலி. அதற்குத் தனி மருந்துகள் உண்டு. தலையில் அடிபட்டவரிடம் தோன்றும் மறதியையும் திடீர்க் கோபத்தையும் குணக்கேடு என்று எண்ணிவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொரு ஆறு மாதமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுவை ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இந்த வரம்பு நடைமுறைக்கு வந்தது. கடந்துவிட்டிருந்தாலும் வக்கீலைப் பார்க்காமல் கைவிட்டுவிட வேண்டாம். முதல் தகவல் அறிக்கை நகல், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் சேர்த்து வையுங்கள்.

"இன்சூரன்ஸ் பணம் கூடுமா?" என்று தயங்குபவர்கள் உண்டு. காப்பீடு எடுப்பது குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் பிறர் வண்டியால் காயமுற்றவர் யாரோடும் அப்படி ஒப்பந்தம் செய்யவில்லை, தனக்கு நேர்ந்த இழப்புக்கு ஈடுதான் கேட்கிறார். ஃபிக்ஹில் இதற்கு 'அர்ஷ்' என்று பெயர். ஒரு கைக்குப் பாதி தியத், அதாவது 50 ஒட்டகங்கள். கை துண்டானால் மட்டுமல்ல, கை இருந்தும் செயலிழந்துவிட்டாலும் அதே ஈடுதான் என்று ஃபுகஹாக்கள் எழுதியிருக்கிறார்கள். உச்ச நீதிமன்றமும் 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் இதற்கு நெருக்கமாகவே பேசியது. சான்றிதழில் உள்ள ஊன சதவீதத்தை அப்படியே வருமான இழப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, தொழிலைப் பார்க்க வேண்டும் என்றது. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய வருமான இழப்பு ஏறக்குறைய நூறு சதவீதம் என்று உதாரணமும் காட்டியது. நாமக்கல் லாரி டிரைவரின் வீட்டில் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் உள்ளவர்களுக்கு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தனிச் சலுகைகள் உண்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வணக்கத்தைப் பற்றிய கேள்விகள்தான் நம்மிடம் அதிகம் வருகின்றன. செயலிழந்த கையையும் ஒளூவில் கழுவ வேண்டும். குழாயடியில் நீட்டித் தண்ணீர் ஓடவிட்டால் போதும். வெந்நீர் என்றால் நல்ல கையால் சூடு பார்த்துக்கொள்ளவும். மாவுக்கட்டு இருக்கும்வரை அதன் மேல் மஸஹ் செய்யலாம், அதற்கு நாள் கணக்கு இல்லை. தக்பீருக்கு உயர்த்த முடிந்த கையை மட்டும் உயர்த்தினால் போதும். தொடையில் பிளேட் வைத்தவர் இயன்றபடி உட்காரலாம். ஐசியுவில் நினைவின்றி ஒரு பகல் ஓர் இரவுக்கு மேல் கிடந்திருந்தால், விடுபட்ட அந்தத் தொழுகைகளுக்கு ஹனஃபி மத்ஹபில் களா இல்லை. மறதியால் ரக்அத் கணக்குத் தவறுபவர் ஜமாஅத்தோடு தொழுதால் இமாமைப் பின்பற்றிப் போய்விடலாம். அதற்கு அவரை அழைத்து வர வீட்டிலோ தெருவிலோ ஒருவர் வேண்டும்.