அடிக்கடி வயித்து வலியா? எல்லாமே 'கேஸ்' இல்லை பாஸ்!

அம்பத்தூர் எஸ்டேட்ல ஷிஃப்ட், ஆவடி டு சென்ட்ரல் ரயில், நேரம் தவறின சாப்பாடு... மேல் வயித்துல வலி வந்தா, 'கேஸ்தான்'னு மெடிக்கல்ல ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுட்டு வேலையைப் பார்ப்போம். பெரும்பாலும் அது கேஸாவேகூட இருக்கும். ஆனா, அதே வலி வலது பக்கம் திரும்பத் திரும்ப வந்தா? கூடவே கண்ணும் மஞ்சளானா? அல்சர், பித்தப்பைக் கல் வரிசையில இன்னொரு பேரையும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க: கோலிடோக்கல் சிஸ்ட்.

அது என்ன?

கல்லீரல்ல சுரக்குற பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோற குழாய்தான் பித்தநாளம். சிலருக்குப் பிறவிக் கோளாறால இது பலூன் மாதிரி வீங்கிடும். அரிதான பிரச்னைதான். ஆனா, மேற்கத்திய நாடுகளைவிட ஆசியாவுலயும், ஆண்களைவிடப் பெண்களுக்கும் அதிகம். பலருக்குக் குழந்தைப் பருவத்துலயே தெரிஞ்சிடும். சிலருக்கு 20, 30 வயசைத் தாண்டித்தான் தெரியும்.

எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

வலி, மஞ்சள் காமாலை, வயித்துல கட்டி... மூணும் ஒண்ணா வர்றது பெரியவங்கள்ல அபூர்வம். அதனால பித்தப்பைக் கல்லுனு நினைச்சிட வாய்ப்பிருக்கு. முதல்ல ரத்தப் பரிசோதனை, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். நாளம் வீங்கியிருந்தா, எம்.ஆர்.சி.பி ஸ்கேன். இதுல கதிர்வீச்சு கிடையாது. ஜப்பான் மருத்துவர் டொடானி 1977-ல் வகுத்த 5 வகைகள்ல இது எதுனு பார்த்து, ஆபரேஷனை முடிவு பண்ணுவாங்க.

ஆபரேஷன் அவசியமா?

ஆமாம். அப்படியே விட்டா புற்றுநோயா மாறலாம். வயசு கூடக்கூட ரிஸ்க்கும் கூடும். முன்னெல்லாம் கட்டியை எடுக்காம குடலோட இணைச்சுவிட்டாங்க. மிச்சமிருந்த கட்டியில பின்னாடி புற்றுநோய் வந்ததால, அந்த முறையைக் கைவிட்டாங்க. இப்போ பொதுவான வகைக்கு, வீங்கின நாளத்தையும் பித்தப்பையையும் எடுத்துட்டு, கல்லீரல்ல இருந்து வர்ற நாளத்தைச் சிறுகுடலோட இணைக்கிறாங்க. அதுக்கப்புறமும் செக்கப்பை விடக் கூடாது.

எங்கே போகலாம்?

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி அரசு மருத்துவமனைகள்ல முதல்ல காட்டுங்க. பெரிய ஆபரேஷன்னா, சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில இரைப்பை, குடல் அறுவை சிகிச்சைக்குனு தனித் துறையே இருக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா கையோட எடுத்துட்டுப் போங்க.

கடைசியா ஒண்ணு...

காமாலைனதும் கீழாநெல்லியை அரைச்சுக் குடிச்சுட்டுக் காத்திருக்காதீங்க. மலம் வெளுத்து, சிறுநீர் அடர் மஞ்சளாகி, உடம்பு அரிச்சா அது பித்தநாள அடைப்பா இருக்கலாம். எந்த இலையும் அந்த அடைப்பை எடுக்காது. கூடவே குளிர் காய்ச்சலும் வந்தா, நாளைக்குப் பார்க்கலாம்னு தள்ளிப் போடாம, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க!