இறந்துபோன நண்பனுக்காக உருவான பாட்டுக்குழு: ஒரே ஆல்பத்தோடு கலைந்த ‘டெம்பிள் ஆப் தி டாக்’

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1990-ம் ஆண்டு ஒரு ராக் பாட்டுக்குழு தொடங்கப்பட்டது. போட்டது ஒரே ஒரு ஆல்பம். அதோடு குழு கலைந்துவிட்டது. அந்த ஆல்பம் பின்னாளில் 10 லட்சத்துக்கும் மேல் விற்றது. குழுவின் பெயர் ‘டெம்பிள் ஆப் தி டாக்’. ஒரு குழுவில் முழு நேரமாக இருந்துகொண்டே வேறு ஆட்களுடன் சேர்ந்து தனியாக வாசிப்பதை ராக் உலகில் ‘சைடு புராஜெக்ட்’ என்பார்கள். இதுவும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஆனால் பணத்துக்காகவோ பெயருக்காகவோ இல்லை. செத்துப்போன நண்பனுக்காக.

ஒரே வீட்டில் 2 பாடகர்கள்

நண்பனின் பெயர் ஆண்ட்ரூ உட். ‘மதர் லவ் போன்’ குழுவின் பாடகர். மேடைக்கு பளபளப்பான உடை, முகத்தில் மேக்கப் என்று ஜிகினாவாக வருவார். எதிரில் 50 பேர் நின்றாலும் பெரிய ஸ்டேடியத்தில் பாடுவது போலத்தான் பாடுவார். பெரிய ஸ்டார் ஆக வேண்டும் என்பதை வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தவர்.

அவரோடு சியாட்டிலில் ஒரே வீட்டில் தங்கியிருந்தவர் கிறிஸ் கார்னெல். ‘சவுண்ட்கார்டன்’ குழுவின் பாடகர். பள்ளிப் படிப்பை பாதியில் விட்டவர். மீன் உணவு ஓட்டலில் சமையல் வேலை பார்த்துக்கொண்டே பாடியவர். (ஜேம்ஸ் பாண்ட் படமான ‘கேசினோ ராயல்’ பார்த்தவர்களுக்கு இவரது குரல் தெரியும். 2006-ல் வந்த அந்தப் படத்தின் டைட்டில் பாட்டை பாடியது இவர்தான்.) வெவ்வேறு குழுக்களில் பாடினாலும் இரண்டு பேருக்கும் இடையே போட்டியும் உண்டு, பாசமும் உண்டு. ஒருவர் புதுப் பாட்டு போட்டால் மற்றவர் சும்மா இருக்கமாட்டார்.

உட்டுக்கு ஹெராயின் பழக்கம் இருந்தது. சிகிச்சை எடுத்து கொஞ்ச காலம் விட்டும் இருந்தார். விட்டவர்கள் திரும்பத் தொடும்போதுதான் ஹெராயின் அதிகம் கொல்கிறது. பழைய அளவை உடம்பு தாங்காது. 1990-ம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி உட் வீட்டில் சுயநினைவு இல்லாமல் கிடந்தார். அவரது காதலிதான் முதலில் பார்த்தார். ஆஸ்பத்திரியில் உயிர்காக்கும் கருவி பொருத்தியும் பலன் இல்லை. 19-ந் தேதி பரிதாபமாக இறந்தார். வயது 24.

‘மதர் லவ் போன்’ குழுவின் முதல் முழு ஆல்பம் ‘ஆப்பிள்’ கடைக்கு வர அப்போது சில நாட்களே இருந்தன. வெளியீடு தள்ளிப்போனது. ஜூலை மாதம் ஆல்பம் வந்தபோது பாடியவர் உயிரோடு இல்லை. குழுவும் இல்லை.

சுற்றுப்பயணத்தில் எழுதிய பாட்டு

நண்பன் இறந்த சில நாட்களில் கார்னெல் ஐரோப்பாவுக்கு கச்சேரி சுற்றுப்பயணம் கிளம்ப வேண்டியதாயிற்று. துக்கத்தை யாரிடம் சொல்வது? எழுதத் தொடங்கினார். ‘சே ஹலோ டு ஹெவன்’, ‘ரீச் டவுன்’ என்று 2 பாட்டுகள் வந்தன. இரண்டும் உட்டுக்காக எழுதியவை. சவுண்ட்கார்டன் பாட்டு என்றால் இரும்பு பட்டறை போல சத்தமாக இருக்கும். இவை நிதானமான, உருக்கமான பாட்டுகள். அந்தக் குழுவுக்கு ஒத்துவராது.

ஊர் திரும்பியதும் உட்டின் குழுவில் இருந்த ஸ்டோன் கோசார்ட் (கிட்டார்), ஜெப் அமென்ட் (பேஸ் கிட்டார்) இருவரையும் கூப்பிட்டார். தலைவனை இழந்து என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தவர்கள் அவர்கள். சவுண்ட்கார்டன் டிரம்மர் மேட் கேமரூன் சேர்ந்தார். கோசார்ட்டோடு வாசித்துக்கொண்டிருந்த மைக் மெக்கிரெடி என்ற வாலிபர் லீட் கிட்டார் வாசிக்க வந்தார். குழுவின் பெயர்கூட உட் எழுதிய பாட்டு ஒன்றின் வரியில் இருந்து எடுத்ததுதான்.

உட் எழுதி வைத்த பாட்டுகளையே பாடலாம் என்ற பேச்சும் இருந்தது. செத்தவன் பெயரை வைத்து சம்பாதிக்கிறார்கள் என்று ஊர் பேசும் என்று அதை விட்டுவிட்டார்கள். சரியான முடிவு.

பெட்ரோல் பங்க் வாலிபர்

அதே நேரத்தில் கோசார்ட், அமென்ட், மெக்கிரெடி மூவரும் தங்களுக்கென்று புதுக் குழு தொடங்கி பாடகரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வாசித்த கேசட் ஒன்று கலிபோர்னியாவில் சான் டியாகோ நகருக்கு போனது. அங்கே பெட்ரோல் பங்க்கில் நைட் டியூட்டி பார்த்துக்கொண்டிருந்த எட்டி வெட்டர் கையில் அது கிடைத்தது. அவர் அந்த இசைக்கு 3 பாட்டு எழுதி, பாடி, திருப்பி அனுப்பினார். உடனே அழைப்பு வந்தது. 1990 அக்டோபரில் சியாட்டில் வந்து இறங்கினார்.

ஒருநாள் கார்னெல் ‘ஹங்கர் ஸ்ட்ரைக்’ என்ற பாட்டை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ‘உண்ணாவிரதம்’ என்று அர்த்தம். இல்லாதவனிடம் பறித்து வாழ்வதைவிட பட்டினியே மேல் என்பது கருத்து. ஆல்பத்தில் இடம் நிரப்ப வைத்த பாட்டு என்றுதான் கார்னெலே நினைத்திருந்தார். கீழ் ஸ்தாயியும் அவரே, மேல் ஸ்தாயியும் அவரே. மாறி மாறி பாட திணறினார். தன் குழுவின் ஒத்திகைக்காக ஓரமாக உட்கார்ந்திருந்த வெட்டர், பேசாமல் எழுந்து வந்து மைக்கில் கீழ் ஸ்தாயியை பாடினார். ஊருக்குப் புதுசு, யாரையும் சரியாகத் தெரியாது. கார்னெல் இடத்தில் வேறு ஒருவர் இருந்தால் ‘யார்ரா நீ’ என்று கேட்டிருப்பார். கார்னெலோ பாதிப் பாட்டை அவருக்கே கொடுத்துவிட்டார். வெட்டரின் குரல் முக்கிய பாடகராக ஆல்பத்தில் ஒலித்தது அதுதான் முதல் தடவை.

15 நாளில் முடிந்த வேலை

1990 நவம்பர், டிசம்பரில் சியாட்டிலின் ‘லண்டன் பிரிட்ஜ்’ ஸ்டூடியோவில் ரெக்கார்டிங் நடந்தது. மொத்தம் 15 நாள்தான். ஸ்டூடியோவை சகோதரருடன் சேர்ந்து நடத்தியவர், இந்த ஆல்பத்தை குழுவினரோடு சேர்ந்து தயாரித்தவர் ரிக் பராஷர். பெயரே சொல்லும், இந்திய வம்சாவளி. 2014-ல் இறந்தார்.

‘ரீச் டவுன்’ பாட்டு 11 நிமிடத்துக்கு மேல் ஓடும். அதில் மெக்கிரெடி வாசித்த கிட்டார் சோலோவே பல நிமிடம். ரேடியோவில் போடுவார்களா, மாட்டார்களா என்ற கவலை எல்லாம் யாருக்கும் இல்லை. நவம்பர் 13-ந் தேதி சியாட்டிலில் ‘ஆப் ராம்ப்’ என்ற சின்ன இடத்தில் கச்சேரி நடத்தினார்கள்.

1991-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி ஏ அண்ட் எம் கம்பெனி ஆல்பத்தை வெளியிட்டது. 10 பாட்டுகள். விமர்சகர்கள் பாராட்டினார்கள். விற்றதோ சுமார் 70 ஆயிரம்தான். அவரவர் தங்கள் குழுவுக்கு திரும்பிவிட்டார்கள். கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

கம்பெனிக்கு வந்த ஞானோதயம்

வெட்டர் சேர்ந்த புதுக் குழு ‘பேர்ல் ஜாம்’ என்று பெயர் வைத்துக்கொண்டு 1991 ஆகஸ்டில் ‘டென்’ ஆல்பத்தை வெளியிட்டது. சில மாதங்களில் அது சக்கைப்போடு போட்டது. சவுண்ட்கார்டனும் பெரிய அளவில் பேசப்பட்டது. 1992-ல்தான் கம்பெனி குனிந்து பார்த்தது. இரண்டு குழுக்களின் ஆட்களும் சேர்ந்து பாடிய ஆல்பம் தங்கள் அலமாரியிலேயே தூங்குகிறது! உடனே மறுபடி வெளியிட்டார்கள். சியாட்டிலின் டிஸ்கவரி பூங்காவில் எடுத்த ‘ஹங்கர் ஸ்ட்ரைக்’ வீடியோ டி.வி.யில் ஓயாமல் ஓடியது. ஆல்பம் பில்போர்டு பட்டியலில் 5-வது இடம் வரை ஏறியது. இடம் நிரப்ப வைத்த பாட்டு ஆல்பத்தையே தூக்கிக்கொண்டு போனது.

குழு மட்டும் திரும்ப வரவில்லை. 1998-ல் கேமரூன் பேர்ல் ஜாமில் சேர்ந்து 2025 வரை வாசித்தார். அதனால் கார்னெல் தவிர மற்ற அத்தனை பேரும் ஒரே குழுவுக்கு போய்விட்டார்கள். எப்போதாவது பேர்ல் ஜாம் மேடையில் கார்னெல் தலைகாட்டினால் இந்தப் பாட்டுகள் வரும். அவ்வளவுதான்.

25 வருடம் கழித்து, 2016 நவம்பரில்தான் முதல்முறையாக சுற்றுப்பயணம் போனார்கள். 5 ஊர்கள். வெட்டர் அதில் இல்லை. கடைசிக் கச்சேரி சியாட்டிலில்.

அடுத்த ஆண்டு மே 17-ந் தேதி டெட்ராய்ட் நகரில் சவுண்ட்கார்டன் கச்சேரியில் கார்னெல் பாடினார். நிகழ்ச்சி முடிந்து ஓட்டல் அறைக்கு திரும்பியவர் நள்ளிரவுக்குப் பின் இறந்தார். வயது 52. தற்கொலை என்று மருத்துவ அதிகாரி அறிவித்தார்.

2019-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் உள்ள ‘தி போரம்’ அரங்கில் கார்னெலுக்கு அஞ்சலிக் கச்சேரி நடந்தது. டெம்பிள் ஆப் தி டாக் குழுவில் இருந்தவர்கள் மேடை ஏறினார்கள். ஆண்ட்ரூ உட்டுக்காக கார்னெல் எழுதிய ‘சே ஹலோ டு ஹெவன்’ பாட்டை அன்று கார்னெலுக்காக பாடியவர் பாடகி மைலி சைரஸ்.