தொலைத்தொடர்புத் துறையின் வணிகச் சுழற்சி: கணிதப் பகுப்பாய்வு

தொலைத்தொடர்பு நிறுவனங்களின் முதலீடு சில ஆண்டுகள் மளமளவென ஏறி, பிறகு சட்டென்று சரிவதே இத்துறையின் வணிகச் சுழற்சி. அழைப்புகளும் தரவுப் போக்குவரத்தும் கூடிக்கொண்டிருக்கும்போதே இந்தச் சரிவு வந்துவிடலாம்.

காரணம் ஒரு சிறு கணக்கில் விளங்கும். ஒரு நிறுவனத்தின் சந்தாதாரர்கள் ஆண்டுதோறும் 100, 140, 170, 180 லட்சம் என்று உயர்வதாகக் கொள்வோம். புதிதாகச் சேர்ந்தவர்கள் 40, 30, 10 லட்சம். கூடுதல் கருவிகள் இவர்களுக்காகவே வாங்கப்படுகின்றன. சந்தாதாரர் எண்ணிக்கை ஒருமுறைகூடக் குறையவில்லை. ஆனால் கருவித் தயாரிப்பாளருக்கு வரும் ஆர்டர் இரண்டே ஆண்டுகளில் கால் பங்காகிவிட்டது. முதலீடு, தேவையின் அளவைவிட அதன் மாறுவீதத்தையே, அதாவது வகைக்கெழுவையே, பின்தொடர்கிறது. பொருளியலில் இது முடுக்கிக் கோட்பாடு. 1939-இல் பால் சாமுவேல்சன் இதைப் பெருக்கியுடன், அதாவது செலவு வருமானத்தைப் பன்மடங்காக்கும் விளைவுடன், இணைத்து ஒரு வேறுபாட்டுச் சமன்பாடு அமைத்தார். அதன் மூலங்கள் கலப்பெண்களாக வரும்போது தீர்வு அலைபோல் ஏறி இறங்கும்.

புதிய சேவை பரவும் வேகத்தை அளக்க, பிராங்க் பாஸ் 1969-இல் வெளியிட்ட மாதிரி பெரிதும் பயன்படுகிறது. தாமாக முன்வந்து வாங்குவோரின் கெழு p. பிறரைப் பார்த்து வாங்குவோரின் கெழு q. புதிய வாடிக்கையாளர் வரவு உச்சம் தொடும் காலம், q/p-இன் இயல் மடக்கையை p+q-ஆல் வகுத்தால் கிடைக்கும். p 0.03, q 0.38 என்றால் உச்சம் ஏறக்குறைய ஆறாம் ஆண்டில். அதற்குப் பிறகும் அதே வேகத்தில் கேபிள் புதைப்பவர் நட்டத்தையே புதைக்கிறார். காலத்தொடரிலிருந்து போக்கையும் சுழற்சியையும் பிரிக்க ஹாட்ரிக்–பிரெஸ்காட் வடிகட்டி, நிறமாலைப் பகுப்பாய்வு ஆகியவையும் உதவும். ஆனால் அந்த வடிகட்டி தொடரின் கடைசிப் பகுதியில், முடிவெடுக்க வேண்டிய இடத்திலேயே, நம்பகம் குறைந்தது.

மாதிரி எவ்வளவு நுட்பமானாலும் அதில் இடும் வளர்ச்சி வீதம் தவறானால் பயனில்லை. 1996-இன் தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பின் அமெரிக்காவில் இதுதான் நடந்தது. இணையப் போக்குவரத்து 100 நாட்களுக்கு ஒருமுறை இருமடங்காகிறது என்ற கூற்றைத் துறையே நம்பி ஒளியிழைகளைப் புதைத்தது. அப்படியானால் ஆண்டுக்கு 12 மடங்குக்கு மேல். மூன்றாண்டில் கிட்டத்தட்ட 2,000 மடங்கு. ஆய்வாளர்கள் கெர்ரி காஃப்மனும் ஆண்ட்ரூ ஒட்லிஸ்கோவும் 1998-இலேயே கிடைத்த தரவுகளை ஆராய்ந்து, வளர்ச்சி ஆண்டுக்கு ஏறத்தாழ இருமடங்குதான் என்று காட்டினர். மூன்றாண்டில் எட்டு மடங்கு. இதற்கிடையே, ஒரே இழையில் பல அலைநீளங்களில் ஒளியை அனுப்பும் நுட்பமும் இழையின் கொள்ளளவைப் பன்மடங்காக்கியது. தொலைத்தொடர்பு நிறுவனங்களான குளோபல் கிராசிங் 2002 ஜனவரியிலும், வேர்ல்ட்காம் அதே ஆண்டு ஜூலையிலும் திவால் பாதுகாப்பு கோரின. அந்த ஆண்டிலும் இணையப் போக்குவரத்து வளர்ந்துகொண்டுதான் இருந்தது; புதைத்த இழைகளில் பெரும்பகுதி ஒளி பாயாமல் கிடந்தது.