மன்றோ சிலைக்குச் சேணம் எங்கே? கவிதையில் பாய்ந்த ரஷ்யக் குதிரையின் கதை

தொப்பம்பட்டியில இருந்து சென்னை வந்து தீவுத்திடலைக் கடந்தவங்க, அந்தக் குதிரைச் சிலையைப் பார்த்திருப்பீங்க. மேலே இருப்பவர் சர் தாமஸ் மன்றோ. 1820 முதல் 1827 வரை மதராஸ் கவர்னர். ஜமீன்தார் இல்லாம, விவசாயிகிட்டயே நேரடியா நிலவரி வாங்கிய ரயத்துவாரி முறையோடு பேசப்படும் பெயர். உங்க வீட்டுப் பட்டாவுக்குத் தூரத்துச் சொந்தம்!

1839-ல் நிறுவப்பட்ட சிலையில் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. ‘சிற்பி மறந்துட்டார்’னு ஒரு கதை உண்டு. ஆனா சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி, லண்டன் டிரபால்கர் சதுக்கத்தின் நான்காம் ஜார்ஜ் சிலையையும் இப்படித்தான் செய்தார். ரெண்டு தடவையுமா மறப்பார்?

மன்றோவுக்கு வாய்வழிக் கதை. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1782-ல் திறக்கப்பட்ட பேரரசர் பீட்டரின் குதிரைச் சிலைக்கோ, பெயரையே தந்தது ஒரு கவிதை. 1833-ல் புஷ்கின் எழுதிய ‘வெண்கலக் குதிரைவீரன்’. 1824 வெள்ளத்தில் காதலியை இழந்த ஏழை குமாஸ்தா, ஆற்றோரம் இந்த நகரத்தை ஏன் கட்டினாய்னு சிலையிடம் கை ஓங்குகிறான். அவ்வளவுதான், வெண்கலக் குதிரை இறங்கி ராத்திரி முழுக்கத் தெருத்தெருவாக அவனைத் துரத்துகிறது.

சாமானியன் அரசனைக் கேள்வி கேட்டால் சும்மா விடுவாங்களா? ஜார் முதலாம் நிக்கோலஸ் பல வரிகளில் கை வைத்தார். புஷ்கின் இறந்த பிறகு, 1837-ல்தான், அதுவும் மாற்றங்களோடு, கவிதை அச்சேறியது. பிற்பாடு ஆந்திரே பெலியின் ‘பீட்டர்ஸ்பர்க்’ நாவலுக்குள்ளும் அதே குதிரை பாய்ந்து வந்தது.