ஆடி மாதத்துச் சேலம்: விழாக்களும் அருங்காட்சியகங்களும்

ஆடி முதல் நாள் மாலையில் சேலம், நாமக்கல் ஊர்களின் தெருக்களில் தேங்காய் சுடுவார்கள். நாரை உரித்து, ஓட்டை வழவழப்பாகத் தேய்த்து, ஒரு கண்ணைத் துளைத்து நீரை வடித்துவிட்டு, அதற்குள் பச்சைப்பயறு, வெல்லம், அவல், எள், பொட்டுக்கடலை எல்லாம் அடைப்பார்கள். அழிஞ்சில் குச்சியின் முனையைச் சீவிக் கண்ணில் செருகி, மேலே மஞ்சள் பூசி, தெருவில் மூட்டிய தீயில் வாட்டுவார்கள். ஓடு வெடிக்கும்போது உள்ளே பருப்போடு வெல்லம் உருகிச் சேர்ந்திருக்கும். முதல் தேங்காய் பிள்ளையாருக்கு; மற்றவை வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும். பாரதப் போர் ஆடி முதல் நாள் தொடங்கிப் பதினெட்டாம் நாள் முடிந்தது என்றும், போரின் தொடக்கத்தில் வெற்றி வேண்டித் தேங்காய் சுட்டார்கள் என்றும் பெரியவர்கள் காரணம் சொல்வார்கள். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் என்று காவிரியின் இரு கரையிலும் இவ்வழக்கம் உண்டு. சென்னையில் பிறந்து வளர்ந்தவர்கள் பெரும்பாலும் இதைக் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள்.

சேலம், நாமக்கல் சமவெளி சேர்வராயன், கல்வராயன், கொல்லி மலைகளுக்கும் காவிரிக்கும் இடையே கிடக்கிறது. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் என்ற பகுதியும் சேலமும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீட் முதல் ஆட்சியரானார். பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளராக இருந்தார். அன்றைய பெரிய சேலம் மாவட்டத்திலிருந்து 1965-இல் தருமபுரியும் 1997-இல் நாமக்கல்லும் பிரிந்தன. வரைபடத்தில் கோடுகள் பலமுறை மாறினாலும், ஆடியின் வழக்கங்கள் அந்தக் கோடுகளைத் தாண்டியே நடக்கின்றன.

குடகில் தென்மேற்குப் பருவமழை வலுத்துக் காவிரியில் புதுவெள்ளம் வரும் காலம் ஆடி. மேட்டூர், பூலாம்பட்டி, குமாரபாளையம், பள்ளிபாளையம், பரமத்திவேலூர், மோகனூர் என ஆற்றோரத்து ஊர்கள் எல்லாவற்றிலும் பதினெட்டாம் பெருக்கன்று படித்துறைகள் நிரம்பும். பெண்கள் தாலிச்சரடு மாற்றுவார்கள். காப்பரிசி கிளறிப் படைப்பார்கள். முளைப்பாரியை ஆற்றில் விடுவார்கள். இப்பகுதிக்குரிய இன்னொரு காட்சியும் உண்டு. உள்ளடங்கிய ஊர்களிலிருந்து குலதெய்வத்தின் சிலைகளையும் வேல், அரிவாள், வாள் போன்ற ஆயுதங்களையும் மேளத்தோடு ஆற்றுக்கு எடுத்து வந்து, துலக்கி, நீராட்டி, சந்தனம் குங்குமம் இட்டுத் திரும்ப எடுத்துச் செல்வார்கள். ஆண்டு முழுதும் கோயிலின் இருட்டில் கிடக்கும் பழைய இரும்பு அன்று வெயிலைக் காண்கிறது. பழைய வாள்களின் வேலைப்பாட்டைப் பார்க்க விரும்புகிறவர் அந்தக் காலைப்பொழுதில் மேட்டூர்ப் படித்துறையில் நின்றால் போதும்.

பெருக்கின் இயல்பை மாற்றியது மேட்டூர் அணை. 1925-இல் தொடங்கிய வேலை 1934-இல் முடிந்தது. அன்றைய சென்னை ஆளுநரின் பெயரால் நீர்த்தேக்கம் ஸ்டான்லி நீர்த்தேக்கம் எனப்பட்டது. முழுக் கொள்ளளவின்போது நீர்மட்டம் 120 அடி. கொள்ளளவு 93.47 டி.எம்.சி., அதாவது 9,347 கோடி கன அடி. அணைக்கு முன் வெள்ளம் வந்ததால் விழா நடந்தது. பின்னர் மதகு திறப்பதைப் பொறுத்து விழாவின் பொலிவு அமைந்தது. நீர் வராத ஆண்டுகளில் படித்துறையில் குழாய் நீரைத் தெளித்துக் குளித்தவர்களும் உண்டு. அணை பல ஊர்களையும் விழுங்கியது. கோடை கடுமையாகி நீர்மட்டம் வெகுவாக இறங்கும்போது பண்ணவாடிப் பகுதியில் பழைய சலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும், ஒரு கிறித்தவத் தேவாலயத்தின் கோபுரமும் நீருக்கு மேல் தெரியும். மூழ்கிய ஊர்களின் நினைவாக நிற்பவை அவ்விரண்டும். அணை நிரம்பிய ஆடியில் அவற்றைக் காண முடியாது. வறண்ட ஆண்டில் காண முடியும், ஆனால் அது உழவருக்கு நல்ல ஆண்டாக இராது.

பெருக்கு நடக்கும் சமயத்திலேயே, ஆகஸ்டு 2, 3 தேதிகளையொட்டி, கொல்லிமலையின் செம்மேட்டில் வல்வில் ஓரி விழாவை அரசு நடத்துகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால் வில்வித்தைப் போட்டி, மலர்க்கண்காட்சி, மலைவாழ் மக்களின் ஆட்டம் எல்லாம் பார்க்கலாம். ஓரி சங்க நூல்களில் வரும் கொல்லி மலைத் தலைவன். வன்பரணர் அவனுடைய வில்லாற்றலைப் புறநானூற்றில் பாடினார்; சிறுபாணாற்றுப்படை அவனைக் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகக் கூறுகிறது. மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்த செய்தி அகநானூற்றில் இருக்கிறது. விழா மேடை இக்காலத்தது. ஆனால் அறப்பளீசுவரர் கோயிலுக்கு ஆடியில் மலையேறி வரும் கூட்டம் அதைவிடப் பழையது. மலையில் வாழ்கிறவர்களுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்தோடு இவர்களுக்குத் தொடர்பில்லை; தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லும் தமிழ் பேசும் பழங்குடியினர் இவர்கள். விழாவின் உண்மையான விருந்தோம்பல் மேடையைவிட இவர்களுடைய ஊர்களில்தான் தெரியும்.

ஆடியின் உச்சம் சேலம் நகரத்தில். திருமணிமுத்தாற்றங்கரையிலுள்ள கோட்டை மாரியம்மன் நகரத்தின் எல்லாப் பேட்டை மாரியம்மன்களுக்கும் மூத்தவளாகக் கருதப்படுகிறாள். பூச்சாட்டுதலோடு தொடங்கும் விழா கம்பம் நடுதல், சக்தி அழைப்பு, கரகம், பொங்கல், உருளுதண்டம் என்று மூன்று வாரம் நீள்கிறது. அதே நாள்களில் குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை, அன்னதானப்பட்டி, பொன்னம்மாப்பேட்டை போன்ற பகுதிகளிலும் அந்தந்தக் கோயிலின் விழா நடக்கும். இவற்றுள் பல தறியோசை கேட்ட தெருக்கள். நெசவாளரும் வணிகரும் தம் தம் பேட்டைக்கு ஒரு மாரியம்மனை வைத்துக்கொண்டார்கள். தனித்தனிச் சமூகங்கள் வாழ்ந்த பேட்டைகள் ஒன்றுசேர்ந்து ஒரு நகரமாகியதை எந்த ஆவணத்தையும்விட இந்த விழாவின் அமைப்பு தெளிவாகக் காட்டுகிறது.

மாரியம்மனை இவ்வளவு பேர் கும்பிட்டதற்குக் காரணம் அச்சம். பெரியம்மை கண்ணைப் பறித்தது, உயிரைப் பறித்தது, பிழைத்தவர் முகத்தில் தழும்பை விட்டது. வெயில் தணிந்து மழை எதிர்பார்க்கும் காலத்தில் அம்மனைக் குளிர்விப்பது ஊர் முழுவதின் பொறுப்பாயிருந்தது. 1975-க்குப் பின் இந்தியாவில் பெரியம்மை இல்லை. விழா குறையவில்லை, வேண்டுதல்கள் மட்டும் மாறின. கோயில் வாசலில் விற்கும் மண் உருவாரங்களில் அந்த வரலாறு முழுவதும் இருக்கிறது. கண், கை, கால், முழு உடல், தொட்டில், குழந்தை என்று சுட்ட மண்ணில் செய்து வைத்திருப்பார்கள். எந்த உறுப்பில் நோவு உண்டோ அந்த உறுப்பின் உருவை வாங்கி அம்மன் முன் வைப்பார்கள். இவை மலிவானவை, உடைபவை. விழா முடிந்ததும் குவியலாகக் கிடந்து மண்ணாகிப் போகும்.

உருவாரம் அமைதியான நேர்த்திக்கடன் என்றால், வண்டி வேடிக்கை நகரமே விழித்திருந்து பார்க்கும் காட்சி. குகைப் பகுதியில் நூறாண்டுக்கும் மேலாக நடப்பதாகச் சொல்லப்படும் இது, மாட்டு வண்டியில் தெய்வ வேடமிட்டு ஊர்வலம் போவதாகத் தொடங்கியது. இன்று லாரியும் டிராக்டரும் மேடையாகின்றன. ஒவ்வொரு தெருவும் ஒரு புராணக் காட்சியை எடுத்துக்கொள்ளும். சிவனும் பார்வதியும், மகிடனைக் கொல்லும் தேவி, பாரதத்தின் ஏதேனும் ஒரு கட்டம் என்று வண்டியின் மேல் அமைத்து, வேடமிட்டவர்கள் விளக்கொளியில் அசையாமல் மணிக்கணக்கில் நிற்பார்கள் அல்லது அமர்ந்திருப்பார்கள். ஒப்பனைக்கும் சோடனைக்கும் பல வார உழைப்பு போகும். சிறந்த வண்டிக்குப் பரிசு உண்டு. மறுநாள் காலை சோடனை பிரிக்கப்பட்டு, லாரி சரக்கு ஏற்றப் போய்விடும்.

இப்படி ஒரே இரவில் அழியும் கலையை என்ன செய்வது என்று உலகின் வேறிடத்தில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஸ்பெயினின் வலென்சியா நகரத்தில் மார்ச் மாதம் நடக்கும் ஃபாயாஸ் விழாவில் தெருத் தெருவாக உருவங்கள் செய்து, கடைசி இரவில் எரித்துவிடுவார்கள். 1934 முதல் ஆண்டுதோறும் மக்கள் வாக்களித்து ஓர் உருவத்தைத் தீயிலிருந்து காப்பாற்றி, அதற்கென்றுள்ள அருங்காட்சியகத்தில் வைக்கிறார்கள். சேலத்து வண்டி வேடங்களின் மணிமுடிகளுக்கும் மண் உருவாரங்களுக்கும் அத்தகைய ஓரிடம் வேண்டும். ஆண்டுக்கு ஒன்று எடுத்து வைத்திருந்தாலே சேலத்தின் நோயும் நம்பிக்கையும் கைவினையும் மாறிவந்த கதை இன்று வரிசையாக நின்றிருக்கும்.

விழாவிலிருந்து அருங்காட்சியகத்துக்குப் பொருள் போன வரலாறு இங்கே முன்பே உண்டு. சேர்வராயன் மலையில் புதிய கற்காலத்தின் வழவழப்பாக்கிய கற்கோடரிகள் ஏராளமாகக் கிடைத்தன. மலைவாழ் மக்கள் அவற்றைப் பொறுக்கிப் பிள்ளையார் மேடைகளில் வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் குடியிருந்தார். இந்த மலையின் கருவிகளும் அவருடைய சேகரிப்பில் சேர்ந்தன. அச்சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904-இல் வாங்கியது. அதன் விளக்க அட்டவணை, அவர் 1912-இல் மறைந்தபின் அச்சாகியது. ஏற்காட்டுத் திருத்துவ தேவாலயத்தில் அவர் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஆகவே சேர்வராயன் மலையின் மிகப் பழைய மனிதர் செய்ததைப் பார்க்க அந்த அருங்காட்சியகம் இருக்கும் எழும்பூர் வரை போகவேண்டியிருக்கிறது.

சேலம் அரசு அருங்காட்சியகம் சிறியது. அவசரமில்லாமல் பார்த்தால் ஒரு முற்பகல் ஆகும். அங்கே நின்று பார்க்கவேண்டியவை நடுகற்கள். ஆநிரை மீட்டுப் பட்ட வீரனுக்கும், புலியோடு போராடி மாண்டவனுக்கும் ஊரார் நட்டவை இவை. வில்லும் குறுவாளும் ஏந்திய உருவமும், சிலவற்றில் எழுத்தும் இருக்கும். பழைய சேலம் மாவட்டத்தின் வடபகுதியான தருமபுரியில் இவை மிகுதி; அங்கே தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்திலும் இவற்றைக் காணலாம். அருங்காட்சியகத்தில் எண்ணிட்டு நிற்கும் அதே வகைக் கல் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வயலோரங்களில் வேடியப்பன் என்ற பெயரோடு பொங்கலும் பலியும் பெற்றுக்கொண்டிருக்கிறது. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றொன்றையும் பார்த்தால்தான் கல்லின் முழுக்கதை விளங்கும். எண்ணிட்ட கல் எழுத்தைப் படிக்க உதவும். வயலோரக் கல், அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்களும் அதை ஏன் காத்தார்கள் என்று சொல்லும்.

நாமக்கல்லில் பார்க்கவேண்டியவை பாறையிலேயே இருக்கின்றன. ஒற்றைப் பாறையின் இரு பக்கமும் எட்டாம் நூற்றாண்டளவில் அதியர் குடைந்த குடைவரைகள் உள்ளன. மேற்கே நரசிம்மர், கிழக்கே அரங்கநாதர். அதியர் மரபின் குணசீலன் பெயர் கல்வெட்டில் வருகிறது. நரசிம்மர், வராகர், திரிவிக்கிரமர் சிற்பங்கள் தமிழ்நாட்டின் சிறந்த குடைவரைச் சிற்பங்களோடு வைத்து எண்ணத்தக்கவை. மேலே கோட்டை, கீழே கூரையில்லாத சன்னதியில் 18 அடி ஆஞ்சநேயர். மார்கழியில் அனுமன் ஜயந்தியன்று அவருக்கு ஒரு இலட்சத்து எட்டு வடைகளால் மாலை சாத்துவார்கள், பங்குனியில் தேரோட்டம். நகரத்தில் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை வாழ்ந்த வீடு நினைவு இல்லமாகியிருக்கிறது. திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் இராசாசி 1925-இல் தொடங்கிய காந்தி ஆசிரமம் இருக்கிறது. திருச்செங்கோட்டு மலைக்கு வைகாசி விசாகத் தேரை ஒட்டிப் போவது சிறப்பு.

வெளியூரிலிருந்து வருகிறவர் நாளைக் கணக்கிட்டு வரவேண்டும். ஆடி முதல் நாள் சூலை 16 அல்லது 17-இல் வரும். பெருக்கும் ஓரி விழாவும் ஆகஸ்டு முதல் வாரத்தின் தொடக்கத்தில். சேலத்து மாரியம்மன் பொங்கல் பெருக்கையொட்டி வரும் புதன்கிழமையில் அமையும். குகை வண்டி வேடிக்கை வழக்கமாக அதற்கடுத்த வியாழன் மாலை. கோயில்கள் நிரம்பி வழியும் ஆடி வெள்ளியில் அரசு அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. வியாழன் முற்பகலில் நடுகற்களைப் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் குகைக்குப் போய்ச் சாலையோரத்தில் இடம்பிடித்துக்கொள்வது நல்லது.