ஆப்பிள் பிஞ்சு நீக்கம்

ஆப்பிள் மரத்தில் மிகுதியாகப் பிடிக்கும் பிஞ்சுகளில் ஒரு பகுதியைப் பயிர் வளர்ச்சி சீராக்கிகள் தெளித்து உதிரச் செய்வது வேதிமுறைப் பிஞ்சு நீக்கம் எனப்படும்.

நோக்கம்

ஒரு பூங்கொத்தில் பொதுவாக 5 அல்லது 6 பூக்கள் இருக்கும். பெரும்பாலானவை காயானால் பழங்கள் சிறுத்துவிடும். மேலும், பிஞ்சுகளின் விதைகளில் உருவாகும் ஜிப்ரலின் என்னும் இயக்குநீர் அடுத்த ஆண்டுக்கான பூ மொட்டுகள் தோன்றுவதைத் தடுக்கிறது. இதனால் மரம் ஓராண்டு விட்டு ஓராண்டு காய்க்கத் தொடங்கும். அம்மொட்டுகள் நடப்பு ஆண்டின் கோடையிலேயே தோன்றுவதால், பூத்த சில வாரங்களுக்குள் பிஞ்சுகளை நீக்குதல் வேண்டும்.

முறை

நாப்தலீன் அசிட்டிக் அமிலம், பென்சைல் அடினைன் ஆகியவை பயன்படுகின்றன. பிஞ்சுகள் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் விட்டம் அடையும்போது இவை தெளிக்கப்படுகின்றன. வெப்பமும் மேகமூட்டமும் சேர்ந்திருந்தால் தேவைக்கு மேல் பிஞ்சுகள் உதிரக்கூடும். குளிர் மிகுந்தால் போதிய அளவு உதிர்வதில்லை. உதிர்ந்ததை மீட்க இயலாது என்பதால், வானிலையைக் கணித்தே தெளிக்கும் நாளும் அளவும் முடிவு செய்யப்படுகின்றன.